காக்காய்க்கும் ஒரு எண் போடுங்க

முதல்லயே சொல்லிடறேன். பறவைப் படம் எடுக்கிறது தப்புன்னு சொல்றதுக்காக இதை எழுதலை. படத்தை எடுத்து, ஓரத்துல பேரைப் பொறிச்சு, ஃபேஸ்புக்கிலயோ இன்ஸ்டாகிராமிலயோ ஏத்தி, முந்நூறு லைக்கையும் வாங்கிட்டு, அந்தப் பறவையை எங்க பார்த்தோம், என்னைக்குப் பார்த்தோம், எத்தனை இருந்துச்சுன்னு ஒரு வரிகூட எங்கயும் பதியாம அடுத்த பறவையைத் தேடிக் கிளம்பறாங்களே, அவங்களோடதான் எனக்குச் சண்டை. அதுல என் நண்பர்கள் சிலரும் இருக்காங்க. படிச்சிட்டுத் திட்டட்டும், பரவாயில்லை :-)

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். கரண்ட் கம்பியில ஒரு பனங்காடை. பின்னாடி மஞ்சள் வெயில். இறக்கையை விரிச்ச நொடியில அந்த நீலத்தைப் பிடிச்சாச்சு. அருமையான படம், மறுக்கலை. கீழே வரிசையா "செம க்ளிக் ப்ரோ", "வேற லெவல்". எந்த ஊர்? தெரியாது. எந்த மாசம்? தெரியாது. அந்த ரோட்டுல ஒண்ணுதான் இருந்துச்சா, பத்து இருந்துச்சா? அதுவும் தெரியாது. பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து "இந்தப் பக்கம் பனங்காடை குறைஞ்சிருக்கா?"ன்னு கேட்டா, அந்த முந்நூறு லைக்கும் சேர்ந்து ஒரு பதில் சொல்லாது.

அப்படி யாரு கேட்கப் போறாங்கன்னு நினைக்காதீங்க. ஏற்கெனவே கேட்டாச்சு. 2023 ஆகஸ்டில் 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை வெளியாச்சு. 30,000 பேருக்கும் மேல பதிஞ்சு கொடுத்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வெச்சு, 942 இனங்களை அலசினாங்க. உலக அளவுல இதோட அபாய நிலையை மறுபடி பரிசீலிக்கணும்னு அந்த அறிக்கை கைகாட்டிய 14 இனங்கள்ல நம்ம பனங்காடையும் ஒண்ணு. கரண்ட் கம்பி இருக்கிற எந்த ஊர்லயும் சாதாரணமா உட்கார்ந்திருக்கும்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கிற பறவை!

அதே அறிக்கையில எனக்குத் தூக்கி வாரிப் போட்டது வேற ஒரு எண். 942 இனங்கள்ல, நீண்டகாலப் போக்கு என்னன்னு கணிக்க முடிஞ்சது 338க்கு மட்டும்தான். அந்த 338ல 204 குறைஞ்சிருக்கு. 98 அப்படியே இருக்கு. 36 கூடியிருக்கு. சரி, மிச்சம் 604? அதுங்க கூடுதா குறையுதான்னு சொல்றதுக்குப் போதுமான தகவல் இல்லை. 142 கோடிப் பேர் இருக்கிற நாட்டுல, ஆளுக்கொரு கேமரா ஃபோன் இருக்கிற காலத்துல, 604 பறவை இனத்தோட கதை நமக்குத் தெரியாது. பார்க்க ஆளில்லாமயா? இல்லைங்க. பார்த்தவங்க பதியலை.

பட்டியல்னா என்ன, படம்னா என்ன

இந்த வித்தியாசம் புரியாமதான் பாதிப் பேர் "நானும்தான் ஷேர் பண்றேனே"ன்னு சொல்றாங்க. அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

இ-பேர்டுன்னு ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002ல தொடங்கினது. அதுல நீங்க ஒரு பட்டியல் போடறப்ப நாலு விஷயம் கேட்கும். எங்க, எப்ப, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தீங்க. அப்புறம் ஒவ்வொரு இனத்துக்கும் எத்தனைன்னு எண்ணிக்கை. கடைசியா ஒரு கேள்வி வரும்: உங்களால அடையாளம் காண முடிஞ்ச எல்லாப் பறவையையும் இதுல போட்டுட்டீங்களா, ஆமா, இல்லை?

அந்தக் கடைசிக் கேள்விதான் உயிர். "ஆமா"ன்னு சொன்னீங்கன்னா, நீங்க எதைப் பார்த்தீங்கன்னு மட்டும் இல்லை, எதைப் பார்க்கலைங்கிறதும் தெரிஞ்சுடுது. ஒரு கண்மாய்ல இந்த வருஷம் 100 முழுப் பட்டியல் போட்டிருக்காங்க, அதுல 40 பட்டியல்ல பனங்காடை இருக்குன்னு வெச்சுக்குங்க. பத்து வருஷம் கழிச்சு அதே கண்மாய்ல 100 பட்டியல்ல 15லதான் இருக்குன்னா, ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம். மிச்சம் 85 பேர் பனங்காடையைப் "பார்க்காததும்" ஆதாரம்தான். எந்த ஃபோட்டோகிராஃபராவது இல்லாத பறவையைப் படம் எடுக்க முடியுமா? பட்டியல் எடுக்கும்.

அதனாலதான் சொல்றேன், காக்காய்க்கும் ஒரு எண் போடுங்க. தவிட்டுக்குருவிக்குப் போடுங்க. மைனாவுக்குப் போடுங்க. "இதெல்லாம் எல்லா இடத்துலயும்தான் இருக்கே, எதுக்குப் போடணும்"னு கேக்கறவங்களுக்கு ஒரு கதை சொல்றேன்.

எல்லா இடத்துலயும் இருந்த கழுகு

பாறுக் கழுகு தெரியுமில்லையா, பிணந்தின்னிக் கழுகுன்னு சொல்வோமே? 1980கள்ல வடநாட்டுல மாடு செத்துப் போட்ட இடமெல்லாம் நூத்துக்கணக்குல உட்கார்ந்திருக்கும். உலகத்துலயே அதிகமா இருக்கிற பெரிய இரைகொல்லிப் பறவை அனேகமா வெண்முதுகுப் பாறுதான்னு அப்ப பேச்சு. அப்படி ஒரு பறவையை எவன் எண்ணுவான்? காக்காயை எண்ணற மாதிரிதானே அதுவும்!

நல்லவேளை, சிலர் எண்ணியிருந்தாங்க. ராஜஸ்தான் பரத்பூர்ல கேவலாதேவ் பூங்காவில 1980கள்ல எடுத்த கணக்கு இருந்துச்சு. 1990களின் தொடக்கத்துல பல மாநிலங்கள்ல ரோடு ரோடாப் போய் எடுத்த கணக்கும் இருந்துச்சு. பின்னாடி அதே இடங்கள்ல திரும்ப எண்ணினப்பத்தான் வயித்துல புளி கரைச்சுது. 1992க்கும் 2007க்கும் நடுவுல வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் காலி. ஆயிரம் இருந்த இடத்துல ஒண்ணு. மாட்டுக்கு வலிக்குப் போடற டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டோட கறி வழியா கழுகோட சிறுநீரகத்தைக் கெடுக்குதுன்னு 2004ல கண்டுபிடிச்சாங்க. 2006ல கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா தடை பண்ணுச்சு.

பழைய கணக்கு இல்லாம இருந்திருந்தா? "முன்னாடியெல்லாம் நிறைய இருக்கும் தம்பி, இப்பக் காணோம்"னு பெருசுங்க டீக்கடையில பேசிக்கிட்டிருந்திருப்பாங்க. அவ்வளவுதான். பெருசுங்க பேச்சை எந்த அரசாங்கமும் மருந்துத் தடைக்கு ஆதாரமா எடுத்துக்காது.

இதுக்கு நேர் எதிரா நடந்த கதையும் இருக்கு. சிட்டுக்குருவி. செல்ஃபோன் டவர் கதிர்வீச்சால செத்துப் போச்சுன்னு வருஷா வருஷம் மார்ச் 20 அன்னைக்கு ஃபார்வர்டு வரும். ஷங்கர் 2018ல '2.0'ன்னு படமே எடுத்துட்டார். 2020ல வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' முதல் அறிக்கை என்ன சொல்லுச்சு? பெருநகரங்கள்ல குறைஞ்சிருக்கு, ஆனா நாடு முழுக்கப் பார்த்தா 25 வருஷமா ஏறக்குறைய நிலையாத்தான் இருக்கு, டவர் கதிர்வீச்சுதான் காரணம்ங்கிறதுக்கு வலுவான ஆதாரம் இல்லைன்னு. ஆக, குருவிக்காக நாம கண்ணீர் விட்டுக்கிட்டிருந்த அதே நேரத்துல, யாரும் கண்டுக்காத இருநூறு இனங்கள் சத்தமில்லாம குறைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. கணக்கு இல்லாத அக்கறை இப்படித்தான் தப்பான வீட்டுல போய் ஒப்பாரி வைக்கும்.

வழக்கமா வர்ற சாக்குகள்

பட்டியல் போடச் சொன்னா வர்ற பதில்களை எல்லாம் வரிசையா எடுத்துக்கறேன்.

1. "நான் என் சந்தோஷத்துக்குப் பார்க்கிறேன். அறிவியலுக்கு உழைக்க நான் என்ன சம்பளமா வாங்கறேன்?"

நியாயமான பேச்சு. ஆனா சந்தோஷத்துக்குப் பார்க்கிறவர் அதை ஏன் முந்நூறு பேருக்குக் காட்டறார்? காட்டறதுக்கு நேரம் இருக்கு. படத்தோட நிறத்தைத் திருத்த ஒரு மணி நேரம் இருக்கு. தேதியும் இடமும் எண்ணிக்கையும் போட அஞ்சு நிமிஷம் இல்லையா? ஃபோன்லயே ஆப் இருக்கு, நடக்கறப்பவே போட்டுக்கிட்டே போகலாம்.

2. "நான் எல்லாத்தையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

இவங்க மேல எனக்கு மரியாதை உண்டு. முப்பது வருஷ நோட்டு வெச்சிருக்கிற பெரியவங்க நம்ம ஊர்ல இருக்காங்க. ஆனா ஏ.ஓ. ஹியூம் கதையை அவங்களுக்கு ஞாபகப்படுத்தணும். காங்கிரஸ் தொடங்கினவர்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அவரேதான். அந்தக் காலத்துல இந்தியப் பறவையியலே அவரைச் சுத்தித்தான் நடந்துச்சு. பெரிய நூல் ஒண்ணு எழுத வருஷக்கணக்கா சேர்த்த கையெழுத்துப் பிரதிகளை சிம்லா வீட்டுல வெச்சிருந்தார். வேலையாள் ஒருத்தர் அதை எடைக்குப் போட்டுட்டார். 1885 வாக்கில் இது தெரிஞ்சப்ப மனுஷன் மனசொடிஞ்சு, பறவை ஆராய்ச்சியையே விட்டுட்டு, சேகரிச்சு வெச்ச பறவைத் தோல்களையும் முட்டைகளையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துட்டார். ஹியூமோட நோட்டுக்கே பழைய பேப்பர் கடைதான்னா, நம்ம நோட்டுக்கு என்ன உத்தரவாதம்? பழைய குறிப்பையும் தேதி போட்டு இ-பேர்டுல ஏத்தலாம். கண்ணு சரியாத் தெரியாத பெரியவரா இருந்தா பக்கத்துல உட்கார்ந்து ஏத்திக் கொடுங்க. கல்லூரிப் பசங்க நாம, லீவுல வேற என்ன கிழிக்கிறோம்?

3. "நம்ம தகவலை அமெரிக்காக்காரனுக்கு ஏன் ஓசியில கொடுக்கணும்?"

இந்தக் கேள்வியைக் கேக்கறவர் ஜிமெயில்ல அதை எனக்கு அனுப்புவார். சரி, கிண்டல் வேண்டாம். சர்வர் அங்க இருக்கு, உண்மைதான். ஆனா அந்தத் தகவல் பூட்டி வைக்கப்படலை. ஆராய்ச்சிக்கு வேணும்னு கேட்டா யாருக்கும் காசில்லாம கிடைக்கும். மேல சொன்ன ரெண்டு அறிக்கையும் இந்திய நிறுவனங்கள் சேர்ந்து அதை வெச்சுத்தான் தயாரிச்சாங்க. பக்கத்துல கேரளாவைப் பாருங்க. 2015ல இருந்து 2020 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலத்தையே கட்டம் கட்டமாப் பிரிச்சு, மழைக்காலம் ஒரு தடவை வெயில்காலம் ஒரு தடவைன்னு போய் எண்ணி, முழு மாநிலத்துக்கும் பறவை வரைபடமே போட்டுட்டாங்க. தகவலைக் கொடுத்து ஏமாந்தவங்க மாதிரியா தெரியுது? கொடுக்காம இருக்கிறவன்தான் ஏமாளி.

4. "கத்துக்குட்டிங்க தப்புத் தப்பாப் போடுவாங்க. குப்பைதான் சேரும்."

தப்பு வரும். வராம இருக்குமா? அதுக்குத்தான் வடிகட்டி இருக்கு. அந்த மாவட்டத்துல அந்த மாசத்துல வழக்கமா வராத பறவையையோ, வழக்கத்துக்கு மீறின எண்ணிக்கையையோ போட்டா உடனே கொடி காட்டும். அப்புறம் அந்தப் பகுதியை நல்லாத் தெரிஞ்ச தன்னார்வலர் ஒருத்தர் உங்களுக்கு எழுதி, "எப்படி அடையாளம் கண்டீங்க, படம் இருக்கா?"ன்னு கேட்பார். கோவப்படாம பதில் சொன்னா ஓசியில ஒரு வாத்தியார் கிடைச்ச மாதிரி. தெரியலைன்னா "உள்ளான் வகை"ன்னு பொதுவாப் போட்டுட்டுப் போகவும் வழி இருக்கு. அரைகுறையாத் தெரிஞ்சுக்கிட்டு அடிச்சு விடறதைவிட அது எவ்வளவோ மேல். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மெர்லின் ஆப் குரலைக் கேட்டு ஒரு பேர் சொல்லுச்சுங்கிறதுக்காக மட்டும் பட்டியல்ல சேர்க்காதீங்க. ஆப் சொல்றது துப்பு. பார்க்கவோ கேட்கவோ வேண்டியது நீங்க.

5. "இடத்தைச் சொன்னா கூட்டம் கூடிடும். பறவைக்குத்தான் ஆபத்து."

எல்லாத்துலயும் உருப்படியான வாதம் இதுதான். ஒப்புக்கறேன். ஆந்தைக் கூடு இருக்கிற மரத்தைச் சொல்லிட்டா மறுநாள் இருபது கேமரா நிக்கும். கிளையை வெட்டி வெளிச்சம் பண்றவங்களும், ரெக்கார்டு பண்ணின குரலைப் போட்டுப் போட்டுப் பறவையைக் கூப்பிட்டுப் படுத்தறவங்களும் இருக்கத்தான் செய்யறாங்க. அதனால கூடு எந்த மரத்துலன்னு எங்கயும் எழுதாதீங்க. ஆபத்து அதிகம் இருக்கிற சில இனங்களோட இடத்தை இ-பேர்டே பொதுவில காட்டறதில்லை. மத்ததுக்கு நீங்களே தள்ளிப் போடலாம். குஞ்சு பறந்து போனப்புறம் பட்டியலை ஏத்துங்க, தேதி அதே தேதிதான், அறிவியலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனா இந்த வாதத்தைப் பேசறவங்கள்ல சிலர் பண்றதையும் சொல்லணும். பட்டியல்ல இடத்தைப் போட மாட்டாங்க. வாட்ஸப்ல நாலு நெருங்கிய நண்பர்களுக்கு கூகுள் மேப் பின்னைப் போட்டு அனுப்புவாங்க. அந்த நாலு பேருக்கும் ஆளுக்கு நாலு நண்பர்கள். ஞாயித்துக்கிழமை காலையில பார்த்தா மரத்தடியில கார் நிறுத்த இடமில்லை. பறவைக்குத் தொந்தரவும் ஆச்சு, பதிவும் இல்லை. இதுக்குப் பேர் ரகசியம் காக்கறதா? உங்க மனசாட்சியையே கேட்டுக்குங்க.

நம்ம பக்கத்துத் தப்பு

எதிராளியை மட்டும் திட்டினா போதாது. பட்டியல் போடறவங்க எல்லாரும் புத்தரா என்ன? மாவட்டத்துல முதல் பத்துல வரணும்னு ஒரு வெறி இருக்கே, அது பெரிய வியாதி. அந்த வெறி பிடிச்சவர் எந்நேரமும் புதுசா ஒரு இனம் எங்க வந்திருக்குன்னு அலைவார். எண்ணிக்கை போட வேண்டிய இடத்துல வெறும் குறி போட்டுட்டு ஓடுவார். எல்லாரும் போற அதே வேடந்தாங்கல், அதே பள்ளிக்கரணை, அதே கூந்தன்குளம். அவங்க சொந்த ஊர்க் கண்மாய்ல ஒரு பட்டியல் இருக்காது.

தமிழ்நாட்டுல ஏரி, கண்மாய், குளம்னு சுமார் 39,000 இருக்கு. இதுல எத்தனைக்கு, வருஷத்துக்கு ஒரு பட்டியலாவது இருக்கும்னு நினைக்கிறீங்க? புது இடத்துக்குப் போய் 80 இனம் பார்க்கிறதைவிட, உங்க தெருக்கோடிக் குளத்துக்கு மாசம் ஒரு தடவை போய் 20 இனத்தை ஒழுங்கா எண்ணறது எவ்வளவோ மேல். போட்டியில இதுக்கு மார்க் கிடையாது. ஆனா பின்னாடி வர்றவன் தேடப் போறது இதைத்தான்.

எதுக்கு இவ்வளவு கத்தறேன்

ஏன்னா இது பொழுதுபோக்கு விஷயம் மட்டும் இல்லை. வேடந்தாங்கலைச் சுத்தி 5 கி.மீ. வரை சரணாலயம். 2020ல அந்த எல்லையைக் குறைக்கணும்னு ஒரு முன்மொழிவு வந்தப்ப எவ்வளவு கூச்சல் எழுந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும். 1798லயே கலெக்டர்கிட்ட எழுதி வாங்கின பாதுகாப்பு அந்த ஊருக்கு உண்டு. பேர் பெற்ற இடம், அதனால கத்த ஆள் இருந்துச்சு. பள்ளிக்கரணைக்கு 2022ல ராம்சார் அங்கீகாரம் கிடைச்சுது. பாதி சதுப்பை ஊரும் குப்பையும் தின்னு முடிச்சப்புறம்தான் கிடைச்சுதுங்கிறது வேற விஷயம்.

சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்கறதில்லை. அந்த ஊர் பேர் வருஷா வருஷம் பேப்பர்ல வருது. நல்லது. பேப்பர்ல பேர் வராத ஊர்க் கண்மாய் என்ன பண்ணும்? நாளைக்கு அதுக்குக் குறுக்க ஒரு ரோடு வருது, கரையில ஒரு ஃபேக்டரி வருது, ப்ளாட் போடறாங்கன்னு வெச்சுக்குங்க. நீங்களும் நானும் மனு எழுதிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸாப் போவோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் கேட்கிற முதல் கேள்வி: "அங்க பறவை வருதுன்னு சொல்றீங்களே, ஆதாரம் எங்க?"

அப்ப உங்க கையில என்ன இருக்கும்? ஊர், தேதி இல்லாத நாற்பது அழகான படம் இருக்கலாம். இல்லைன்னா அஞ்சு வருஷமா, மாசம் தவறாம, எந்தத் தேதியில எத்தனை கூழைக்கடா, எத்தனை பாம்புத்தாரா, எத்தனை ஆட்காட்டின்னு யார் வேணும்னாலும் சரிபார்க்கக்கூடிய பட்டியல் இருக்கலாம். ரெண்டாவது இருந்தா ஜெயிச்சுடுவோம்னு நான் சத்தியம் பண்ணலை. ஆனா முதலாவதை வெச்சுக்கிட்டு வாயைத் திறக்கவே முடியாது.

என்ன பண்ணலாம்னு கேக்கறவங்களுக்கு: பொங்கல் நாலு நாளும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015ல இருந்து நடந்துக்கிட்டிருக்கு. பிப்ரவரியில உலகம் பூரா ஒரு நாலு நாள் கணக்கெடுப்பு, அதோட சேர்ந்து கல்லூரி வளாகங்களுக்குன்னு தனியா ஒண்ணு. 15 நிமிஷம் ஒரு இடத்துல நின்னு எண்ணினாப் போதும், அது ஒரு பட்டியல். பைனாகுலர் இல்லைன்னா பரவாயில்லை, மைனாவை எண்ண பைனாகுலர் எதுக்கு? நம்ம ஹாஸ்டல் மெஸ் பின்னாடி, கைகழுவற தண்ணி தேங்கற இடத்துலயே காக்காய், மைனா, தவிட்டுக்குருவி, செம்போத்து, குளிர்காலத்துல ஒரு வாலாட்டின்னு தேறும்.

படமும் எடுங்க. தாராளமா எடுங்க. அந்தப் படத்தைப் பட்டியலோட சேர்த்து ஏத்துங்க, அப்பத்தான் அதுக்கு ஊரும் தேதியும் இருக்கும். மிச்ச நேரத்துல லைக் வாங்குங்க, யாரு வேண்டாம்னா?

பி.கு: "எங்க ஏரியாவுல ஒண்ணுமே இல்லை, வெறும் காக்காய்தான்"னு யாராவது சொல்ல வந்தா, தயவுசெஞ்சு எத்தனை காக்காய்னு எண்ணிட்டு வந்து சொல்லுங்க :-)